தெளிந்த திரவம், அடைத்த கண்டென்சர்: செந்தூலில் ஒரு கார் ஏர்கோன் ஃபிளஷ்

வண்டியும் புகாரும்

கார், உள்ளூர்த் தயாரிப்பு 1.5 லிட்டர் செடான். பதினொரு வயது, 210,000 கிலோமீட்டர் ஓடியது. இ-ஹெய்லிங் (செயலியில் அழைக்கும் வாடகை) வண்டி என்பதால் கோலாலம்பூரின் செந்தூல், கே.எல். சென்ட்ரல், விமான நிலையம் என்று நாள் முழுக்க ஏர்கோன் நிற்காமல் ஓடும். மூன்று மாதத்துக்கு முன் முதல் கம்ப்ரெசர் (குளிரூட்டும் வாயுவை, அதாவது கேஸை, அழுத்தித் தள்ளும் பம்ப்) ஜாமாகி, வேறொரு பட்டறையில் ரீகோன் (பழையதைப் புதுப்பித்த) கம்ப்ரெசர் மாட்டியிருக்கிறார்கள். ரசீதில் 'ஃபிளஷ்' (கரைப்பான் விட்டு உட்புறம் கழுவுவது) என்று ஒரு வரியும் இருக்கிறது. இப்போது ஜாலான் கூச்சிங் சாலை நெரிசலில் நின்றால் வெதுவெதுப்பான காற்று, வண்டி ஓடினால் அரைகுறைக் குளிர், கம்ப்ரெசர் பக்கம் கரகரவென்று சத்தம்.

இந்த நிலையில் 'ரீகோன் சாமான் சரியில்லை' என்று சொல்லி இன்னொரு கம்ப்ரெசரை மாட்டுவதுதான் வழக்கம். பல நேரங்களில் சாமான் மேல் குற்றமே இருக்காது. முதல் கம்ப்ரெசர் தேய்ந்து உதிர்த்த தூள் குழாய்களில் தங்கி, இரண்டாவதை அரைத்துத் தின்கிறது. இந்த வண்டியில் அதோடு இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. அதுதான் இந்த ஆய்வை எழுதவைத்தது.

கேஜ் என்ன சொன்னது

வெளிவெப்பம் 33 டிகிரி. ஐட்லிங்கில் லோ பக்கம் (கேஸ் கம்ப்ரெசருக்குள் நுழையும் குறை அழுத்தப் பக்கம்) 58 பிஎஸ்ஐ, ஹை பக்கம் (அது அழுத்தித் தள்ளும் பக்கம்) 145 பிஎஸ்ஐ, நடு வென்ட்டில் 21 டிகிரி. லோ ஏறி ஹை இறங்கி நின்றால் கம்ப்ரெசர் உள்ளே கசிகிறது என்று பொருள். அதோடு விட்டிருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். இன்ஜினை 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் ஹை பக்கம் 290 பிஎஸ்ஐ வரை ஓடியது. தேய்ந்த கம்ப்ரெசரால் அவ்வளவு அழுத்தம் எழுப்ப முடிகிறதென்றால், எதிரே எங்கோ வழி குறுகியிருக்க வேண்டும். விசிறி இரண்டு வேகத்திலும் ஒழுங்காகச் சுற்றியது, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் முகத்தில் மண்ணோ இலைச்சருகோ இல்லை. அப்படியானால் அடைப்பு உள்ளே.

கண்டென்சர் மேல் வெப்பம் பார்க்க இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரை நேராக அலுமினியத்தில் காட்டக்கூடாது. பளபளப்பு தவறான எண்ணைக் கொடுக்கும். கறுப்பு வயரிங் டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மேலிருந்து கீழாக ஒட்டி, டேப்பின் மேல் அளக்க வேண்டும். மேல் குழாய்கள் 68 டிகிரி. நடுப்பகுதியில் அடுத்தடுத்த சில குழாய்கள் சட்டென்று 44 டிகிரி. அதற்குக் கீழே மறுபடி 60க்கு மேல். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சப்-கூல் வகை (திரவமான கேஸை அடியில் மேலும் குளிர்விக்கும்) கண்டென்சரில் அடிப்பகுதி இயல்பாகவே குளிர்ந்திருக்கும், அதை அடைப்பு என்று எண்ணிவிடக்கூடாது. நடுவில் ஒரு திட்டாகக் குளிர்ந்து, அதற்குக் கீழே மறுபடி சுட்டால்தான் அந்தக் குழாய்களில் கேஸ் ஓடவில்லை என்று நம்பலாம்.

பிரித்தபோது

ரிக்கவரி மெஷினில் எடுத்த கேஸ் 430 கிராம். ஸ்டிக்கரில் குறித்திருப்பது 450. எனவே கேஸ் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. கறைபட்ட கேஸ் என்பதால் தனி சிலிண்டரில் பிடித்து வைக்கப்பட்டது, திரும்ப ஏற்றவில்லை.

கம்ப்ரெசரைக் கழற்றி, ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே கவிழ்த்து வடித்ததில் 35 மில்லி வந்தது. பிஏஜி 46 என்னும் கம்ப்ரெசர் எண்ணெயை இரண்டு விரலுக்கிடையே தேய்த்தால் வழுவழுப்பாகப் பிடிக்கும். இது தண்ணீர்போல் வழிந்து ஓடியது. மூக்கருகே கொண்டுபோனால் கரைப்பான் வாடை. முன்பு ஃபிளஷ் செய்தது உண்மைதான், ஆனால் ஊற்றிய திரவத்தை வெளியே எடுக்கவில்லை. நீர்த்துப்போன எண்ணெய் உலோகங்களுக்கு நடுவே படலமாக நிற்காது. பிஸ்டன்களை அசைக்கும் சாய்வுத் தட்டான சுவாஷ் பிளேட்டில் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது, பிஸ்டன் ஓரங்களும் தேய்ந்திருந்தன.

உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் கொயிலுக்குக் கேஸை அளந்து விடும் எக்ஸ்பென்ஷன் வால்வின் வாயில் கறுப்புப் பசை. அதை வெள்ளைத் துணியில் ஒற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நுண்ணிய வெள்ளிப் பொட்டுகள் மின்னின. காந்தம் வைத்தும் அசையவில்லை, ஆக அவை அலுமினியம்: பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து வந்தவை. கறுப்பு, கருகிய எண்ணெயும் பிஸ்டன் ரிங்கின் டெஃப்லான் தூளும் சேர்ந்தது. காந்தத்தில் ஒட்டும் துகள் வந்திருந்தால் பேரிங், வால்வுத் தகடு பக்கம் தேடியிருக்க வேண்டும்.

கரைப்பான் எங்கே ஒளிந்திருந்தது என்பது கண்டென்சர் ஓரத்தில் ஈரம் உறிஞ்சும் டிரையரைத் திறந்ததும் தெரிந்தது. இந்த வகையில் டிரையர் தனி டப்பாவாக இல்லாமல் கண்டென்சர் பக்கவாட்டுக் குழலுக்குள்ளேயே பையாக நிற்கும், அடியில் ஒரு மூடி. மூடியைக் கழற்றாமலே கண்டென்சர் வழியாகத் திரவத்தை அடித்திருக்கிறார்கள். பையில் இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்சவே செய்யப்பட்டவை. மணிகளுக்கிடையே போய் உட்கார்ந்த திரவத்தை ஐந்து நிமிடக் காற்றோ அரைமணி நேர வேக்குவமோ முழுதாக வெளியே இழுக்காது. வண்டி ஓடி கண்டென்சர் சுடச்சுட, அது கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் கலந்திருக்கிறது. அரைகுறை ஃபிளஷுக்கு ஃபிளஷ் செய்யாமலே விடுவது மேல் என்று சொல்வது இதனால்தான். ஒட்டிக் கிடந்த பசையை இளக்கி நகர்த்தியும் விடுகிறது, எண்ணெயையும் கெடுத்துவிடுகிறது.

கழுவலாமா, மாற்றலாமா

கம்ப்ரெசர், எக்ஸ்பென்ஷன் வால்வு, டிரையர் மூன்றையும் எந்த வண்டியிலும் கழுவக்கூடாது. கம்ப்ரெசருக்குள் ஊற்றினால் உள்ளிருக்கும் எண்ணெய் கழுவிப் போய்விடும். வால்வின் உள்ளே திரவம் தங்கும் மூலைகள் அதிகம். டிரையரின் கதை மேலே சொன்னதே. மஃப்ளர் (சத்தம் அடக்கும் குடுவை) வைத்த ஹோஸும் அப்படித்தான், அந்தக் குடுவைக்குள் போன தூள் திரும்பி வராது. மீதி இருப்பவை கூலிங் கொயில், சாதாரண ஹோஸ்கள், அலுமினியக் குழாய்கள். இவற்றைத் தாராளமாகக் கழுவலாம். கழுவும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் கழுவ வேண்டும். மொத்தச் சுற்றையும் ஒரே மூச்சில் அடித்தால் ஓரிடத்து அழுக்கு இன்னோரிடத்துக்குக் குடிமாறும், அவ்வளவுதான்.

கண்டென்சர் விஷயத்தில் பட்டறைக்குப் பட்டறை வாதம் உண்டு. பழைய காலத்து ஒற்றைக் குழாய் வளைந்து வளைந்து போகும் கண்டென்சரைக் கழுவலாம். உள்ளே போனது அதே வழியாக வெளியே வந்தாக வேண்டும். இப்போதைய பேரலல் ஃப்ளோ வகையில் தட்டைக் குழாய்கள் பல, ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலத் துளைகள் வரிசையாக. அடைத்த குழாயைத் திரவம் சீண்டாது, திறந்திருக்கும் குழாய் வழியாகவே ஓடிவிடும். எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் இதுதான் நடக்கும்.

இந்த வண்டியின் கண்டென்சர் எப்படியும் மாற்றப்படப் போவதால், பழையதை வைத்துச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. டிரையர் பையை உருவிவிட்டு, வெளிவாயிலிருந்து உள்வாய்க்கு எதிர்த்திசையில் அரை லிட்டர் ஃபிளஷ் திரவம், பின்னால் நைட்ரஜன். முதல் தடவை கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) நிறத்தில் கொட்டியது. இரண்டாம் தடவை வெளிர்மஞ்சள். மூன்றாம் தடவை வந்ததைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் புதுத் திரவத்துக்கும் அதற்கும் வேறுபாடே தெரியவில்லை. 'சுத்தமாயிற்று' என்று சொல்லிப் பூட்டிவிடும் கட்டம் இது.

பிறகு பக்கவாட்டு ஹெடர் குழலை இரும்பறுக்கும் வாளால் நீளவாக்கில் அறுத்துத் திறந்தோம். மேல் வரிசைக் குழாய்களின் வாய்கள் பளிச்சென்று சுத்தம். நடுவில், டேப் ஒட்டி 44 டிகிரி காட்டிய அதே இடத்தில், அடுத்தடுத்து ஏழு குழாய்களின் துளைகளில் கறுப்பு விழுது இறுகிக் கிடந்தது. பல் குத்தும் குச்சியால் நெம்பினால் சிறு துணுக்காகப் பெயர்ந்தது, உள்ளே வெள்ளிப் பொடி. மூன்று தடவை போன ஒன்றரை லிட்டர் திரவம் அந்த ஏழையும் நனைத்த அடையாளமே இல்லை. வெளியே வரும் திரவம் தெளிந்தால், திரவம் போன வழி சுத்தம் என்று மட்டுமே பொருள். போகாத வழியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கம்ப்ரெசர் உள்ளே உடைந்து தூள் தள்ளிய வண்டியில் பேரலல் ஃப்ளோ கண்டென்சரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது எங்கள் முடிவு. சாதாரணக் கேஸ் கசிவுக்கோ எண்ணெய் மாற்றத்துக்கோ இது தேவையில்லை. கண்டென்சர் விலைக்கு யோசிப்பவர்கள் அதைக் கம்ப்ரெசர் விலையோடு வைத்துப் பார்க்கட்டும்.

திரவமும் நைட்ரஜனும்

பல பட்டறைகளில் இன்னும் புழங்குவது ஆர்-141பி என்ற கரைப்பான். அது 32 டிகிரியில் கொதிக்கும். நம்மூர் மத்தியான வெயிலில் டப்பாவைத் திறந்தாலே ஆவியாகத் தொடங்கிவிடும், ஆகவே வேகமாக உலரும். அதன் மேல் உள்ள பிரியத்துக்கு அதுதான் காரணம். ஆனால் அது ஓசோனைக் கெடுக்கும் எச்சிஎஃப்சி. 1987 மாண்ட்ரியல் உடன்பாட்டின் கீழ் ஒழிக்கப்பட்டுவரும் வகை. இங்கே பயன்படுத்தியது ஓசோனைத் தொடாத ஹைட்ரோகார்பன் வகை ஏர்கோன் ஃபிளஷ். அழுக்கை நன்றாகக் கரைக்கும், ஆனால் மெதுவாக உலரும், தீப்பிடிக்கும். பக்கத்தில் வெல்டிங்கோ கிரைண்டரோ ஓடக்கூடாது, பட்டறைக் கதவு திறந்திருக்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம். பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர் இவற்றை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஹோஸின் உட்புற ரப்பர் ஊறி உப்பும், மிச்சம் எண்ணெயில் சேரும்.

தள்ளிவிடப் பட்டறைக் கம்ப்ரெசர் காற்று ஆகாது. மழைக்காலக் கோலாலம்பூரில் அந்தக் காற்றில் தண்ணீரும் உண்டு, காற்றுக் கம்ப்ரெசரின் சொந்த எண்ணெயும் உண்டு. பிஏஜி எண்ணெய் ஈரத்தை விழுங்கும் சாதி. உலர்ந்த நைட்ரஜன், ரெகுலேட்டர் போட்டு, கழுவும்போது 100 பிஎஸ்ஐ. ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை நேரே மாட்டுவது உயிரோடு விளையாடுவது. ஆக்சிஜன் எக்காரணம் கொண்டும் கூடாது, அழுத்தத்தில் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

கூலிங் கொயில் டேஷ்போர்டுக்குள் இருந்தாலும், இந்த வண்டியில் எக்ஸ்பென்ஷன் வால்வு இன்ஜின் அறைப் பக்கமே இருப்பதால் டேஷ்போர்டை இறக்காமல் வேலை முடிந்தது. வால்வைக் கழற்றி, அதே இடத்தில் இரண்டு துளை அடாப்டர் தகடு. தடித்த சக்ஷன் குழாய் வழியாகத் திரவத்தை விட்டு, மெல்லிய குழாய் வழியாக வெளியே எடுக்க வேண்டும், ஓட்டத்துக்கு எதிர்த்திசை. தூள் எந்தப் பக்கமாக வந்து சிக்கியதோ அந்தப் பக்கமாகத்தான் அதைத் தள்ள முடியும். முதலில் 400 மில்லி ஊற்றி, இரு வாயும் மூடி, கால் மணி நேரம் ஊறவிட்டது. உடனே அடித்தால் பசை இளகாது. பிறகு நைட்ரஜனை ஒரே சீராக விடாமல் விட்டுவிட்டு, மூன்று விநாடி திறப்பு, இரண்டு விநாடி மூடல் என்று துடிப்பாக விட்டது. சீரான ஓட்டத்தைவிட இந்தத் துடிப்புக்குத்தான் தட்டுகளின் மூலையில் கிடப்பது அசையும். வெளிவாயில் வெள்ளைத் துணி கட்டி, அதன் கீழ் போத்தல். நான்காம் தடவையில்தான் துணி வெள்ளையாக நின்றது. கொயிலுக்கு மட்டும் 1.6 லிட்டர். ஹோஸுக்கும் குழாய்க்கும் இரண்டிரண்டு தடவை போதுமாயிருந்தது, எல்லாம் சேர்த்து 800 மில்லி. கொயிலில் கண்டென்சர்போல் அடைப்பு இருக்காது என்பதற்கு உறுதி என்ன என்று கேட்கலாம். உள்வழி பெரிது, அதோடு அதற்கு முன்னால் எக்ஸ்பென்ஷன் வால்வின் சின்ன வாய் காவல் நிற்கிறது. பெரிய துகள் அங்கேயே நின்றுவிடும்.

உலர்த்துவதுதான் பாதி வேலை. கொயில் வழியாக 30 பிஎஸ்ஐ நைட்ரஜன் 20 நிமிடம், பிளோவரை ஹீட்டர் நிலையில் வைத்து இன்ஜின் சூட்டையும் கொயில் மேல் விட்டது. பிறகு இரு வாயும் மூடி அரைமணி நேரம் சும்மா விட வேண்டும். மூலையில் தங்கியது அதற்குள் வடிந்து ஒன்றுசேரும். மறுபடி திறந்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் ஒரு ஊது. முதல் முறை காகிதத்தில் காசு அளவு ஈரக்கறை விழுந்தது. இன்னொரு 15 நிமிடம், இன்னொரு காத்திருப்பு, அதன் பிறகே காகிதம் உலர்ந்து வந்தது, வாடையும் இல்லை. இந்தக் காத்திருப்பைத்தான் அவசர வேலையில் முதலில் வெட்டுவார்கள்.

எண்ணெய்க் கணக்கு

இந்தச் சுற்றுக்கு மொத்த எண்ணெய் 120 மில்லி பிஏஜி 46. புதுக் கம்ப்ரெசர் 120 மில்லியோடு நிரப்பி வந்தது. கொயிலும் குழாய்களும் கழுவி உலர்ந்துவிட்டன, கண்டென்சரும் டிரையரும் புதிது. எங்கும் பழைய எண்ணெய் இல்லாததால் ஊற்றவும் வேண்டாம், வடிக்கவும் வேண்டாம். அளவைச் சரிபார்க்க மட்டும் ஒருமுறை வடித்து அளந்து, அதே அளவைத் திரும்ப ஊற்றியதோடு சரி. ஃபிளஷ் செய்யாத வண்டியாக இருந்தால் கணக்கு மாறும். பழைய கம்ப்ரெசரிலிருந்து எவ்வளவு வடிந்ததோ ஏறக்குறைய அவ்வளவைத்தான் புதியதில் விட்டுவைக்க வேண்டும், மீதி ஏற்கெனவே குழாய்களில் இருக்கிறது. அதைப் பாராமல் முழு எண்ணெயோடு மாட்டினால் கொயில் உட்சுவரில் எண்ணெய் படிந்து குளிர் குறையும், ஹை பக்கமும் ஏறும். அதற்கு மேல் எண்ணெய் கலந்த கேஸ் டின் ஒன்றையும் தட்டிவிடுவோர் உண்டு. கேட்டால் 'பாதுகாப்புக்கு' என்பார்கள்.

ஓ-ரிங் அனைத்தும் புதிது, 134ஏ கேஸுக்கான பச்சை எச்என்பிஆர் ரப்பர் வகை, மாட்டுமுன் எண்ணெய் தடவியது. குழாய் போல்ட்டுகள் சுமார் 10 நியூட்டன் மீட்டர், எக்ஸ்பென்ஷன் வால்வின் மெல்லிய ஆலன் போல்ட்டுகள் 3.5 மட்டுமே. கை பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை போய்விடும். டிரையர் உள்ள புதுக் கண்டென்சரின் பிளாஸ்டிக் மூடிகளைக் குழாய் மாட்டும் நொடிவரை கழற்றக்கூடாது. மழை பெய்யும் சாயங்காலம் திறந்து வைத்துவிட்டு தேத்தாரே (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கப் போனால் டிரையர் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். கம்ப்ரெசர் கிளச் தகட்டின் இடைவெளி 0.45 மில்லிமீட்டர், 0.35 முதல் 0.60 வரை சரி.

கசிவு, வேக்குவம், கேஸ்

நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றி, எல்லா மூட்டிலும் சோப்பு நுரை. அரைமணி நேரத்தில் முள் ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கியது. நுரை எங்கும் கிளம்பவில்லை. நடுவே மழை பிடித்துப் பட்டறைக்குள் வெப்பம் மூன்று டிகிரி குறைந்திருந்தது. அவ்வளவு குளிர்ச்சிக்கு இந்த அழுத்தத்தில் ஒரு சதவீதம், ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ, இறங்குவது கணக்குப்படி சரி. வெப்பத்தைக் குறித்து வைக்காதவர் அங்கே இல்லாத கசிவைத் தேடி ஒரு மணி நேரத்தைத் தொலைப்பார். கேஸை ஏற்றிக் காற்றால் அழுத்தம் கூட்டிக் கசிவு பார்ப்பது கூடாது. 134ஏ காற்றோடு அழுத்தத்தில் கலந்தால் தீப்பற்றக்கூடியது.

வேக்குவத்துக்கு இரட்டை நிலைப் பம்ப், மைக்ரான் கேஜ் (எண் குறையக் குறைய வேக்குவம் ஆழம்). மேனிஃபோல்டின் (சாதாரண லோ, ஹை கேஜ் செட்டின்) ஊசிமுள் கீழே ஒட்டிக்கொண்டதைப் பார்த்து 'வேக்குவம் பிடித்துவிட்டது' என்பது போதாது, அந்த முள்ளால் ஈரத்தைக் காட்ட முடியாது. 20 நிமிடம் இழுத்து, நைட்ரஜன் 5 பிஎஸ்ஐ விட்டு உடைத்து, மறுபடி 45 நிமிடம். 450 மைக்ரானில் பம்பை மூடியதும் மெல்ல ஏறி 700இல் நின்றது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஏறி ஓரிடத்தில் நின்றால் கொஞ்சம் ஈரமோ திரவமோ ஆவியாகிறது. 700 என்பது ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவு. 2,000ஐத் தொட்டிருந்தால் மறுபடி நைட்ரஜனில் தொடங்கியிருக்க வேண்டும்.

450 கிராம் ஆர்-134ஏ, தராசு வைத்து. இன்ஜின் நிற்கும்போதே ஹை பக்கம் வழியாகத் திரவமாகப் பெரும்பகுதி. பிறகு கம்ப்ரெசர் ஹப்பைக் கையால் பத்துச் சுற்று. உள்ளே திரவம் தேங்கியிருந்தால் முதல் உதைப்பிலேயே வால்வுத் தகடு உடையும், அதைத் தவிர்க்கத்தான். மீதிக் கேஸ், இன்ஜின் ஓடும்போது லோ பக்கம் வழியாக ஆவியாக.

வந்த எண்கள்

வெளியே 33 டிகிரி, ரீசர்க்குலேஷன் (உட்காற்றையே சுழற்றும் நிலை), 1,500 ஆர்பிஎம்: லோ 28, ஹை 215 பிஎஸ்ஐ, வென்ட்டில் 7.5 டிகிரி. ஐட்லிங்கில் லோ 36, ஹை 235, வென்ட் 10 டிகிரி. கண்டென்சர் மேல் ஒட்டிய டேப்புகளில் மேலிருந்து கீழாக வெப்பம் படிப்படியாக இறங்கியது, நடுவில் திட்டு ஏதுமில்லை. நெரிசலில் நிற்கும் வண்டிக்கு ஐட்லிங் எண்தான் முக்கியம். 1,500இல் மட்டும் சோதித்து வண்டியை ஒப்படைப்பது உரிமையாளரை ஜாலான் கூச்சிங்கிலிருந்து திரும்பப் போன் செய்யவைக்கும்.

கம்ப்ரெசரின் சக்ஷன் வாயில் ஒரு மெல்லிய வலை ஃபில்டர் வைக்கப்பட்டது. இதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு: வைத்துவிட்டு மறந்தால் அதுவே அடைப்பாகும். இரண்டு மாதம் கழித்து வண்டியை வரவழைத்துத் திறந்து பார்த்ததில் வலையில் நாலைந்து கறுப்புப் பொட்டு மட்டும், மின்னும் துகள் எதுவும் இல்லை. வலை எடுக்கப்பட்டது, டிரையர் பை மாற்றப்பட்டது, வேக்குவம் போட்டு அதே 450 கிராம் ஏற்றப்பட்டது. ஐட்லிங் எண்கள் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வித்தியாசத்தில் அப்படியே இருந்தன.

கழுவிய திரவம், எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய நான்கு லிட்டர். இதை லொங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றுவது சட்டப்படி குற்றம். 2005 அட்டவணைக் கழிவு விதிமுறைகளின் கீழ் மூடிய டிரம்மில் பெயரும் தேதியும் ஒட்டி, உரிமம் பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். பழைய இன்ஜின் எண்ணெய் டிரம்மில் சேர்த்து ஊற்றவும் கூடாது. தீப்பிடிக்கும் கரைப்பான் கலந்துவிட்டால் அந்த டிரம்மை எண்ணெய் வாங்குபவர் தொடமாட்டார்.